ஹாரிபின் முன்னால் வைத்த கோப்பை

ஹாரிபின் வண்டியில் மாலை நேரப் பாலைவனச் சவாரிக்கு வருகிறவர்களிடம் ஏறும்போதே சொல்லிவிடுவேன், மதியம் குறைவாகச் சாப்பிட்டிருந்தால் நல்லது, சாப்பிடாமலே வந்திருந்தால் இன்னும் நல்லது என்று. அவர்கள் சிரிப்பார்கள். முதல் மணல்மேட்டில் ஏறி இறங்கிய பிறகு சிரிக்க மாட்டார்கள்.

ஹாரிப் என் அக்கா ரஹ்மாவின் கணவன். எங்கள் ஊரான பிதியாவில் மணல் தொடங்குகிற இடத்தில் கடைசி வீடு அவனுடையது. ஒரு வண்டி, இரண்டு கம்பளம், ஒரு காபிக் கூஜா, ஒரு ஒட்டகம், இவ்வளவுதான் அவன் தொழில். பெரிய கம்பெனிக்காரர்களைப் போல ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டுப் போட்டு ஆடவிட மாட்டான். ஒரு மாலைக்கு ஒரு குடும்பம்தான். நாலு மணிக்கு ஏற்றுவான். மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவான். மேட்டில் ஏற்றி இறக்குவான். சூரியன் விழுவதைத் தானே விழவைத்ததுபோலக் காட்டுவான். பிறகு காபி, பிறகு குழியில் புதைத்து வேகவைத்த ஆட்டுக்கறியும் சோறும், எட்டு மணிக்கெல்லாம் விடுதி வாசலில் இறக்கிவிடுவான்.

கறியும் சோறும் என் பொறுப்பு. இங்கிலீஷும் என் பொறுப்பு. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் தட்டுக் கழுவியபோது ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ் அது. ஹாரிபுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று. குட், சன்செட், நோ ப்ராப்ளம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறபோது மூன்றையும் சேர்த்துச் சொல்வான்.

அவன் இந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நிம்மதியாகக் காபி ஊற்ற வேண்டும் என்றுதான் வந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு இன்னொருவனிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் வாயைத் திறந்து கெஞ்ச வேண்டியதில்லை. அவன் வீட்டுக்குப் போய்க் கம்பளத்தில் உட்கார்ந்து, ஊற்றித் தரும் காபியைக் குடிக்காமல் வீட்டுக்காரன் முன்னால் கீழே வைத்துவிட்டால் போதும். விருந்தாளி காபி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம். அதனால் வீட்டுக்காரன் என்ன வேண்டும் என்று கேட்பான், தன்னால் ஆகுமென்றால் சரி என்பான், அதன் பிறகு விருந்தாளி குடிப்பான். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் ஏற்பட்ட பழக்கம்.

ஹாரிப் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டான். கோப்பை தரையைத் தொட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "குடிங்க, கேக்க வந்தது உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுவான். கேட்ட பிறகு கொடுப்பவன் வியாபாரி, கேட்பதற்கு முன்னாலேயே கொடுப்பவன்தான் மனிதன் என்பது அவன் வாப்பாவின் கொள்கையாம். அவர் காலத்தில் அந்த வீட்டில் கேட்டு வாங்குகிற மாதிரி எதுவும் இருந்ததில்லை என்பதை இவன் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஊருக்கு விஷயம் தெரிய எத்தனை நாள் ஆகும்? ஒரு கிடா போனது. ஒட்டகச் சேணம் போனது. கொட்டகைக் கூரையில் பாதி போனது. பாதிக் கூரையை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஊரே வாங்கிக்கொண்டு போகும்போது மைத்துனன் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

இத்தனை கொடுத்தவனுக்கும் ஒரே ஒரு பயம் இருந்தது. அதன் பெயர் சம்ஹா. தாய் செத்துப்போன ஒட்டகக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, ஏழு மாதம் ஓட்டப் பழக்கி, பந்தயத்தில் கொண்டுபோய் விட்டான். எல்லா ஒட்டகமும் முன்னால் ஓடின. சம்ஹா மட்டும் திரும்பி, ஹாரிப் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அவனிடம் ஓடி வந்து தோளில் தலையை வைத்துக்கொண்டது. மைதானம் முழுக்கச் சிரித்தது. ஹாரிப் அழுதுவிட்டான்.

"பாத்தியா மச்சான், அத்தன கூட்டத்துல என்னத் தேடி வந்துச்சு" என்றான்.

அன்றிலிருந்து சம்ஹாவுக்கு, காபி குடிக்கிற இடத்தில் படுத்திருப்பதைத் தவிர ஒரு வேலையும் கிடையாது. சவாரிக்கு வருகிறவர்களை முதுகில் ஏற்றாது. பக்கத்தில் போனால் எழுந்து போய்விடும். கேமராவைக் கண்டால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும். ஆனாலும் பந்தய வம்சம் என்று மேலத்தெரு முஸல்லமுக்கு அதன்மேல் ஒரு கண். குட்டி போட வைக்கலாம் என்று கணக்கு. முஸல்லம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாரிப் உள்ளே குரல் கொடுப்பான், "ரஹ்மா, டீ போடு" என்று. டீக்கு அந்தச் சட்டம் கிடையாது. டீயைக் கீழே வைத்தால் ஆறிப்போகும், அவ்வளவுதான். இரண்டு வருடமாக முஸல்லம் அந்த வீட்டில் டீயாகக் குடித்துக் குடித்துப் பல்லே பழுப்பேறிவிட்டது.

வெளிநாட்டுக்காரர்களுக்கோ இந்தப் பழக்கம் எதுவும் தெரியாது. கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள், கடைசியில் குடிப்பார்கள். ஹாரிப் பயமில்லாமல் ஊற்றினான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் எல்லோரும் வண்டி ஓட்டுவார்கள். தண்ணீர் கொண்டுவர, ஆடு ஏற்ற, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்று முகத்திரையோடு ஓட்டுவார்கள். அவர்களிலும் ரஹ்மா ஒரு படி மேல். பாத்திரம், விறகு, கம்பளம் எல்லாவற்றையும் பிக்கப்பில் போட்டுக்கொண்டு, ஹாரிப் மூன்று தடவை முட்டி மோதி ஏறுகிற மேட்டில் ஒரே மூச்சில் ஏறிவிடுவாள். பானையிலிருக்கும் குழம்பு சிந்தாது. வாரத்துக்கு இரண்டு முறை ஹாரிபின் வண்டி மணலில் புதையும். அவள்தான் கயிறு கட்டி இழுத்துவிடுவாள்.

சவாரிக்கு வருகிறவர்களைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுடைய பதினொரு வருட ஆசை. ஹாரிப் விட மாட்டான்.

"நான் உயிரோட இருக்கும்போது நீ ஓட்டினா, ஹாரிபுக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஊரு சொல்லும்" என்பான்.

"இப்பவும் ஊரு அதத்தான் சொல்லுது" என்பாள் அக்கா.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவன் முன்னால் உட்கார்ந்து, தன் காபியைக் கீழே வைத்துவிட்டாள். ஹாரிப் ஒரு நிமிடம் திகைத்தான். பிறகு சிரித்தான். "வீட்டு ஆளுக்கு அந்த உரிமை கிடையாது. விருந்தாளிக்குத்தான்" என்று சொல்லி, அந்தக் கோப்பையை எடுத்துத் தானே குடித்துவிட்டு, அவளுக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது கூடப் பிறந்த எனக்குத் தெரியும். பாவம், ஹாரிபுக்குத் தெரியாது.

போன மாசி மாதக் குளிரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பின்லாந்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் பெயர் ஆர்வோ, அந்த அம்மா பெயர் ஹெல்மி. இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல். ஆர்வோ ஒட்டகச்சிவிங்கி உயரம், அதைவிடக் குறைவான பேச்சு. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கச் சொன்னான் ஹாரிப். கேட்டேன். ஆர்வோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பெரிய வட்டமாகத் திருப்பிக் காட்டினார். பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருடம் பனியில் பஸ் ஓட்டியவர்.

இதை நான் மொழிபெயர்த்திருக்கவே கூடாது. ஹாரிபுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"நம்ம ஆளுடா மச்சான். அவருக்கு மணல்னா என்னன்னு காட்டுறேன் பாரு."

காட்டினான். செங்குத்தான மேட்டில் ஏற்றி, உச்சியில் ஒரு கணம் எதுவும் தெரியாமல் வானத்தைப் பார்க்க வைத்து, மூக்குக் குத்த இறக்கினான். பக்கவாட்டில் சறுக்கினான். வலது பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டு இடது பக்கம் போனான். ஹெல்மி அம்மா என் தோளைப் பிடித்திருந்தார், அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது. முன்சீட்டில் ஆர்வோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வலது கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு ரசிக்கிறாரு பாரு" என்றான் ஹாரிப். சொல்லி முடிக்கவில்லை, வண்டி அச்சுவரை புதைந்து நின்றது. "நோ ப்ராப்ளம்" என்றான்.

பத்து நிமிடத்தில் அக்காவின் பிக்கப் வந்தது. இறங்கினாள், கயிற்றைக் கட்டினாள், இழுத்தாள், கயிற்றைச் சுருட்டினாள். பிறகு நாங்கள் புதைந்த அதே மேட்டில், பின்னால் பானைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்கூட இல்லாமல், ஏறி அந்தப் பக்கம் மறைந்துபோனாள். ஆர்வோ வெளுத்துப்போன முகத்தோடு மணலில் நின்று அந்தச் சக்கரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மி அம்மாவும் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காபி குடிக்கிற இடத்துக்கு வந்ததும் ஆர்வோ கம்பளத்தில் உட்காரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, அந்தப் பாலைவனத்தில் ஆடாமல் அசையாமல் இருந்த ஒரே பொருளின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டார். அது சம்ஹா.

எழுந்து போய்விடும் என்று பார்த்தேன். எழவில்லை. மெதுவாகக் கழுத்தை வளைத்து, அவர் மடியில் தலையை வைத்தது. ஆர்வோ அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். ஹாரிபின் முகம் சுருங்கிப்போனது.

"என்ன மச்சான் இது?" என்றான்.

"ரெண்டும் பேசாத பிறவி. ஒத்துப்போச்சு" என்றேன்.

"அவர அங்கருந்து எந்திரிக்கச் சொல்லு."

"விருந்தாளிய எந்திரின்னா சொல்றது? உன் வாப்பா இருந்தா என்ன நினைப்பாரு?"

சூரியன் விழுந்தது. அன்றைக்கு அதை யாருக்கும் காட்டவே மறந்துவிட்டான். நானும் அவனும் தொழுதுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தள்ளிப் போட்ட இன்னொரு கம்பளத்தில் அக்காவும் ஹெல்மி அம்மாவும் உட்கார்ந்து கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு காலிக் கோப்பையைத் தரையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஹாரிப் இருந்த திசையைக் காட்டினாள். பிறகு கைகளால் காற்றில் வட்டம் போட்டாள். ரொட்டி தட்டுவது எப்படி என்று சொல்லித் தருகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு நான் கறிக் குழியைத் தோண்டப் போனேன். ஹெல்மி அம்மா எழுந்து போய்க் கணவர் காதில் ஏதோ சொன்னார். அன்று மாலை முதல்முறையாக ஆர்வோ தலையை ஆட்டினார்.

பிறகு வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார். ஹாரிப் பேரீச்சம்பழத்தைத் தள்ளி வைத்தான். இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை, முறைப்படி கொஞ்சமாக ஊற்றி நீட்டினான். ஆர்வோ வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அதைச் சரியாக ஹாரிபின் முழங்காலுக்கு முன்னால் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

ஹாரிப் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், சூடா இருக்கான்னு கேளு."

கேட்டேன். சூடு சரியாக இருக்கிறதாம்.

"கசக்குதான்னு கேளு."

கசப்பு பிடிக்குமாம். அவர்கள் ஊரில் ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை குடிப்பார்களாம்.

"அவருக்கு நம்ம பழக்கம் எங்க தெரியப்போகுது? சும்மா வெச்சிருப்பாரு."

"சும்மா வெக்கிறவரு தன் பக்கத்துல வெப்பாரு. உன் முன்னால எதுக்கு வெக்கிறாரு?" என்றேன். எனக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு.

ஹாரிப் பேரீச்சம்பழத்தை இன்னும் கிட்டே தள்ளினான். அல்வா டப்பாவைத் திறந்து வைத்தான். என்னை விட்டு, பாலைவனம் பிடித்திருக்கிறதா, பேரன் பேத்தி உண்டா, பின்லாந்தில் ஆடு என்ன நிறம் என்றெல்லாம் கேட்க வைத்தான். ஆர்வோ எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னார். கோப்பையைத் தொடவில்லை. ஹாரிப் வானத்தைப் பார்த்தான், கோப்பையைப் பார்க்காவிட்டால் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்கிற மாதிரி. அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது, மகன் பெயரைச் சொல்லித்தான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

"ஜுமா வாப்பா, விருந்தாளி காபி ஆறுது பாருங்க."

இனி தப்ப வழியில்லை. ஹாரிப் எழுந்து சம்ஹாவிடம் போனான். அதன் காதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொன்னான். சம்ஹா அசைபோட்டுக்கொண்டே கேட்டது. கூரையில் பாதியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவன், தொட்டியை என் பிக்கப்பில் தானே ஏற்றிவிட்டவன், இப்போது நடக்க முடியாமல் திரும்பி வந்தான். பேசாமல் தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு கோடை வரப்போவது ஞாபகம் வந்தது.

"மச்சான், சொல்லு அவர்கிட்ட. அங்க பனியில இவளுக்குப் போர்வை வேணும். ராத்திரி ஒத்தையில விடக்கூடாது. விட்டா கத்துவா."

"மொதல்ல கொடுத்தேன்னு சொல்லு. போர்வையெல்லாம் அப்புறம்."

ஹாரிப் ஆர்வோவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணீர் தாடியில் இறங்கியது. ஆனால் குரல் உடையவில்லை. இதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

"குடிங்க. கேக்க வந்தது உங்களுக்குத்தான்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். ஆர்வோ கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரலை நீட்டினார். ஹாரிப் கண்ணை மூடிக்கொண்டான்.

விரல் சம்ஹாவைக் காட்டவில்லை. தள்ளி உட்கார்ந்திருந்த என் அக்காவைக் காட்டியது. காட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் பெரிய வட்டமாக ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"திரும்பிப் போகும்போது மேடம் ஓட்டணும்" என்றார். அன்று அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அக்கா எந்த ரொட்டியைத் தட்டினாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சம்ஹாவா? சம்ஹாவத்தான கேட்டாரு?" என்றான் ஹாரிப், கண்ணைத் திறக்காமலே.

"சம்ஹா வேணாமாம்."

பாய்ந்து எழுந்து ஆர்வோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கை உரசினான். எட்டுக் கோப்பை ஊற்றுகிறேன், பத்துக் கோப்பை ஊற்றுகிறேன் என்றான். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வேற என்ன கேட்டாரு?"

"போகும்போது அக்கா ஓட்டணுமாம். உன் ஓட்டு அவர் வயித்துக்கு ஒத்துக்கலையாம். முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு டிரைவரப் பாத்ததில்லையாம்." கடைசி வாக்கியத்தை ஆர்வோ சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

ஹாரிப் மெதுவாக உட்கார்ந்தான். ரொம்ப நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஒட்டகத்தையே கேட்டிருக்கலாம்" என்றான்.

கொடுத்தது கொடுத்ததுதான். சாப்பாடு முடிந்ததும் அக்கா கையை நீட்டினாள், ஹாரிப் சாவியை வைத்தான். ஆர்வோ முன்சீட்டில் ஏறினார், ஹெல்மி அம்மா நடுவில். ஹாரிப் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இரண்டு முறை வண்டியைச் சுற்றி வந்து, கடைசி சீட்டில் அல்வா டப்பாவோடு ஒடுங்கிக்கொண்டான். நான் பாத்திரங்களோடு பிக்கப்பில் பின்னால் போனேன். எனக்கு முன்னால் அந்த வண்டி மேட்டில் ஏறுவதும் இறங்குவதும் தெரியவே இல்லை, விளக்கு வெளிச்சம் மட்டும் நெய்யில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. விடுதி வாசலில் ஆர்வோ இறங்கி, அக்காவுக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் கால் பிரேக்கைத் தேடவே இல்லை என்று பிறகு அக்கா சொன்னாள்.

ஹாரிப் கடைசி சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கோபத்தில் கண்ணை மூடியிருந்ததாக இன்றுவரை சாதிக்கிறான். கோபத்தில் எவன் குறட்டை விடுவான்?

ஹெல்மி அம்மா ஊருக்குப் போய் யார் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த மாதமே பின்லாந்திலிருந்து மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றும் மேடம்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு வந்தவை. இப்போது அக்கா ஓட்டுகிறாள். ஹாரிப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு சன்செட்டைக் காட்டுகிறான். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தானே, ஊர் ஒன்றுமே சொல்லவில்லை. ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

இருந்தாலும் ஆசை விடுமா? போன வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அக்கா காபி ஊற்றினாள். ஹாரிப் வாங்கினான், என்னை ஒரு பார்வை பார்த்தான், பிறகு கோப்பையை அக்காவுக்கு முன்னால் கீழே வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"என்ன வேணும்? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"முறை அப்படி இல்ல. மொதல்ல கொடுத்தேன்னு சொல்லணும்."

"அது உங்க முறை. அதனாலதான் நம்ம தொட்டி இவன் வீட்ல இருக்கு."

நான் பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டேன். ஹாரிப் குரலை இறக்கினான்.

"வாரத்துல ஒரு நாள். செவ்வாய்க்கிழமை மட்டும். நான் ஓட்டிக்கிறேன் ரஹ்மா."

வீட்டிலும் கழற்றாத முகத்திரைக்கு மேலே அக்காவின் கண்கள் சிரித்ததை நான் பார்த்தேன். "வீட்டு ஆளுக்கு அந்த உரிமை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அவன் கோப்பையை எடுத்து, நிதானமாகத் தானே குடித்தாள். பிறகு அடுப்பில் இருந்த கெட்டிலை எடுத்து அவனுக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள்.